தீபாவளித் தையலும் தள்ளிப்போட்ட ஸ்கேனும்

போன வாரம் ஒரு பெண் ரவிக்கைத் துணியோடு என் கடைக்கு வந்தாள். மலேசியாவில், சுங்கை சிப்புட் சந்தைக்குப் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்னத் தையல் கடை என்னுடையது. அளவு எடுத்தாகிவிட்டது, கழுத்து எப்படி வேண்டும் என்று பேசியாகிவிட்டது, ஆனால் அவள் கிளம்பவில்லை. நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தாள். கடையில் இருந்த இன்னொரு அம்மா போனதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "அக்கா, நீங்க கட்டின குழாயைத் திரும்ப ஒட்ட வச்சிக்கிட்டீங்கன்னு சொன்னாங்க. நெசமா?"

நிஜம்தான். பிள்ளை வேண்டாம் என்று கட்டிய கருக்குழாயை, பிறகு ஆபரேஷன் செய்து திரும்ப ஒட்டிக்கொண்டவள் நான். இந்த ஊரில் அது தெரியாதவர்கள் குறைவு. என்னிடமே வந்து கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. அவளுக்கு வயது 39, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து ஆபீசில் வேலை. எதற்காகக் கேட்டாள் என்பதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. ஒரு மணி நேரம் பேசினோம். அன்று இரவு படுத்த பிறகு, சொல்லாமல் விட்டவை ஒவ்வொன்றாக வந்து நின்றன. இன்னும் யாராவது இப்படி நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்கி நிற்கலாம். அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அம்மா ரப்பர் பால்மரம் சீவியவர். மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு டவுனுக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 20 வயதில் கல்யாணம், 3 பிள்ளைகள். கடைசிப் பையன் 2011இல் பிறந்தான், அப்போது எனக்கு 28. ரத்த அழுத்தம் ஏறி, முகமும் காலும் வீங்கி, இரவோடு இரவாக ஆபரேஷன் என்றார்கள். தள்ளுகட்டிலில் படுத்திருக்கும்போது ஒரு தாளை நீட்டினார்கள். மறுபடியும் கர்ப்பமானால் ஆபத்து, வயிற்றைத் திறக்கும்போதே குழாயையும் கட்டிவிடலாம் என்றார்கள். என் முதல் கணவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். என் உயிரைக் காப்பாற்றியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஆறாம் மாதத்திலேயே ஒரு நாள் உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம். வலியிலும் பயத்திலும் கிடப்பவளிடம் கேட்கிற கேள்வி இல்லை அது.

அமெரிக்காவில் 1978 முதல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட ஆயிரக்கணக்கான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. 30 வயதுக்குள் கட்டிக்கொண்டவர்களில் 14 ஆண்டுகளுக்குள் 100க்கு 20 பேர், ஏன் செய்தோம் என்று வருந்தியிருக்கிறார்கள். 30ஐத் தாண்டிக் கட்டிக்கொண்டவர்களில் 6 பேர்தான். இதை நான் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். முன்பே யாராவது சொல்லியிருந்தால் நான் மட்டும்தான் நன்றி கெட்டவள் என்று நினைத்து நினைத்து அழுதிருக்க மாட்டேன்.

2014இல் என் முதல் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். செம்பனைப் பழ லாரி ஓட்டியவர். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

2017இல் இவரைக் கட்டிக்கொண்டேன். கார் பட்டறை வைத்திருப்பவர், அம்மாவைப் பார்த்துக்கொண்டு 38 வயதுவரை தனியாகவே இருந்தவர். பிள்ளை வேண்டும் என்று இவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆசைப்பட்டது நான். என் கடைசிப் பையனுக்கு இவர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரு சாயங்காலம் அவன் விழாமல் ரோட்டு முனைவரை போய்விட்டு, "அங்கிள், பாத்தீங்களா!" என்று கத்தினான். இவர் கையைத் தட்டிச் சிரித்தார். அந்த ‘அங்கிள்’ காதில் விழுந்த நொடியில் சிரிப்பு கொஞ்சம் தயங்கியதை வாசலில் நின்ற நான் பார்த்துவிட்டேன். அன்றைக்குத்தான் நானாகப் பேச்சை எடுத்தேன். மூணு பெத்தது பத்தாதா என்று கேட்டவர்கள் கேட்டார்கள். கேட்கட்டும்.

கோலாலம்பூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது என் வயதை. இரண்டாவது, எந்த முறையில் கட்டினார்கள் என்று. எனக்கு எப்படித் தெரியும்? ‘கட்டியாச்சு’ என்பதுதான் தெரியும். பழைய ஆபரேஷன் குறிப்பை வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். எழுதிக் கொடுத்து, காத்திருந்து, இரண்டு முறை அலைந்து வாங்கினோம். அந்த ஒரு தாளில்தான் பாதி விஷயம் இருந்தது.

கருக்குழாய் ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. பில்ஷீ கிளிப் என்ற சின்ன டைட்டானியம் கிளிப்பைப் போட்டிருந்தால் அரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் சேதம். ரப்பர் வளையம் என்றால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் போகும். மின்சாரத்தால் சுட்டிருந்தால் இன்னும் அதிகம். எனக்குச் செய்தது பொமராய் முறை. குழாயின் நடுவை வளையம்போலத் தூக்கிக் கட்டி, மேலே இருப்பதை வெட்டிவிடுவது. கட்டிய நூல் நாளடைவில் கரைந்துபோகும், இரண்டு முனைகளும் தனித்தனியாக மூடிக்கொண்டு விலகிவிடும். குழாய் முழுவதையும் எடுத்திருந்தாலோ, சினைமுட்டையை வாரி எடுக்கிற விரல் போன்ற நுனியை வெட்டியிருந்தாலோ ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த மாதிரிப் பெண்கள் வந்தால் ஐ.வி.எஃப், அதாவது கருவை வெளியே உருவாக்கிக் கர்ப்பப்பையில் வைப்பது பற்றித்தான் பேசுவேன் என்றார் டாக்டர்.

அப்புறம் இவருக்கு விந்துப் பரிசோதனை, எனக்கு முட்டை இருப்பைப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை. ஆண் பக்கம் பார்க்காமல் பெண்ணின் வயிற்றைத் திறக்கிற டாக்டரிடம் போகாதீர்கள். இதை அந்தப் பெண்ணிடம் இரண்டு தடவை சொன்னேன்.

எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டேன். டாக்டர் ஆசை காட்டவில்லை. 2017இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வைப் பற்றிச் சொன்னார். 37 ஆய்வுகள், 10,689 பெண்கள். ஒட்டிய பிறகு 100க்கு 42 முதல் 69 பேர் வரை கர்ப்பம் ஆகியிருக்கிறார்கள். எந்த முறையில் ஒட்டினார்கள் என்பதைவிடப் பெண்ணின் வயதுதான் முடிவு செய்தது. 35க்குள் என்றால் நல்ல வாய்ப்பு, 40ஐத் தாண்டினால் பாதியாகக் குறையலாம். ஐ.வி.எஃப் என்றால் குழாயே தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் தனிச் செலவு. ஒட்டிவிட்டால் மாதாமாதம் நாமே முயற்சி செய்யலாம். 39, 40 வயதில் அப்படி எத்தனை மாதம் காத்திருக்க முடியும் என்பதுதான் கேள்வி. (2020இலிருந்து ஐ.வி.எஃப்-க்கு இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) சேமிப்பில் எடுக்க வழி இருக்கிறது. எங்கள் காலத்தில் அது இல்லை. ஒரு சங்கிலியும் இரண்டு வளையலும் அடகுக் கடைக்குப் போயின, கூட்டுக் கட்டிய (சீட்டுப்) பணமும் போயிற்று.)

2018 மார்ச்சில் ஆபரேஷன். பழைய தழும்பின் மேலேயே வெட்டினார்கள். பிறகு டாக்டர் படம் வரைந்து காட்டியபோது மற்றவர்களைவிட எனக்குச் சீக்கிரம் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், தையல்காரிதானே. மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால், மூடிய முனையை வெட்டித் திறந்து, வாயோடு வாய் வைத்துத் தைக்கிறார்கள். கர்ப்பப்பைப் பக்கம் இருக்கும் குழாய் ஒடுக்கம், வெளிப்பக்கம் அகலம். அகலமான கையை ஒடுக்கமான தோளில் வைத்துத் தைக்கிற மாதிரி வேலை. சுருக்கம் விழுந்தால் துணியில் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். அங்கே சுருக்கம் விழுந்தால் வழி அடைபடும். தைத்து முடித்து நீலச் சாயத்தைக் கர்ப்பப்பை வழியாகச் செலுத்திப் பார்த்தார்களாம். வலது பக்கம் தடையில்லாமல் வந்தது. இடது பக்கம் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். மாதவிலக்கு தள்ளிப்போனால் உடனே டெஸ்ட் எடு. பாசிட்டிவ் என்றால் அதே வாரம் ரத்தப் பரிசோதனை. 6 வாரத்தில் ஸ்கேன். அந்த அட்டை என் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் ஒட்டியிருந்தது.

2018 அக்டோபர் நடுவில் டெஸ்டில் இரண்டு கோடு வந்தது. நவம்பர் 6 தீபாவளி. கையில் 60 ரவிக்கைக்கு மேல். வருஷம் முழுக்க ஓடுகிற குடும்பத்துக்கு அந்த ஒரு மாதம்தான் சம்பாத்தியம். கோலாலம்பூர் போய்வர ஒரு நாள் போய்விடும். தீபாவளி முடியட்டும், போகலாம் என்று நினைத்தேன். இவரிடம்கூட ஸ்கேன் அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

முதலில் இடது அடிவயிற்றில் சுருக் சுருக்கென்று வலி, உள்ளாடையில் லேசாகப் பழுப்புக் கறை. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருப்பவள். அவள் காதில் விழ, ‘குழாய் ஒட்டியிருக்கிறேன், நாள் தள்ளியிருக்கிறது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயிற்று வலி என்று மட்டும் சொன்னேன். அங்கிருந்த டாக்டரும் வேறு எதுவும் கேட்கவில்லை. கேஸ்டிரிக் மருந்து கொடுத்து அனுப்பினார். கேட்டிருக்க வேண்டும், வயிற்று வலி என்று வருகிற எந்தப் பெண்ணிடமும் கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது என்று கேட்க வேண்டும். நானும் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தோள்பட்டை வலித்தது. பத்து மணி நேரம் மெஷினில் குனிந்து உட்கார்ந்தால் தோள் வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். அந்த வலி தோளுடையது இல்லை. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால், அது மேலே இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும். அந்த வலி தோள் நுனியில் தெரியும். கர்ப்பமாக இருக்கலாம் என்கிற நிலையில் அடிவயிற்று வலியோடு தோள்வலியும் வந்தால் தைலப் புட்டியைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நான் குளியலறையில் மயங்கி விழுந்தேன். மூத்த மகள் கதவை இடித்துத் திறந்தாள். இவர் அரை மணி நேரத்தில் ஈப்போவில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ரத்தம் ஏற்றினார்கள். இடது குழாயை எடுத்துவிட்டார்கள்.

முட்டையும் விந்தணுவும் சேர்வது குழாயின் அகலமான பகுதியில்தான். சேர்ந்த கரு சில நாள் மெல்ல நகர்ந்து கர்ப்பப்பைக்கு வர வேண்டும். விந்தணு மிகச் சின்னது, ஒட்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும். வளர்கிற கரு பெரிது, அந்த இடத்தில் சிக்கிக்கொள்ளலாம். சாதாரணமாக 100 கர்ப்பத்தில் ஒன்று, இரண்டு இப்படிக் குழாயில் தங்கும். குழாய் ஒட்டியவர்களுக்கு 4 முதல் 8 வரை என்று அதே தொகுப்பாய்வு சொல்கிறது. 90க்கு மேல் சரியான இடத்தில்தான் தங்குகின்றன என்றும் இதைச் சொல்லலாம், பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால், வெடிக்காமல் இருந்தால், பலருக்கு கரு வளர்வதை நிறுத்துகிற மெத்தோட்ரெக்சேட் ஊசியிலேயே முடிந்துவிடும், குழாயும் தப்பும். நான் அந்த அட்டைப்படி போயிருந்தால் எனக்கும் அது போதுமானதாக இருந்திருக்கலாம்.

தைக்காமல் விட்ட ரவிக்கைகளைப் பக்கத்துக் கடை சீன அம்மா இரவெல்லாம் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

என் அம்மா ஆறுதலாகத்தான் சொன்னார், "அது பிள்ளையே இல்லம்மா, ஒரு கட்டின்னு நெனச்சுக்கோ" என்று. எனக்கு அது தாங்கவில்லை. என் மாமியார் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் மிளகும் பூண்டும் போட்டு மருந்துக் குழம்பு வைத்தார். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற அதே பத்தியம். 30 நாள் வெந்நீர் வைத்து ஊற்றினார். எதற்கு அத்தை இதெல்லாம் என்றதற்கு, "சொமந்த வயிறுதானே" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை என் ஆயுசுக்கும் பார்த்துக்கொள்வேன்.

ஒரு குழாய் போனாலும் வழி அடைந்துவிடவில்லை. சில சமயம் ஒரு பக்கத்து முட்டையை மறுபக்கத்துக் குழாயே வாரி எடுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள், வலது குழாய் திறந்திருந்தது. 2019 ஆகஸ்ட் கடைசியில் மறுபடி இரண்டு கோடு. அன்று காலை 9 மணி. கடையைச் சாத்தினேன். அன்றே ரத்தம் கொடுத்தேன், 48 மணி நேரம் கழித்து மறுபடியும். கர்ப்ப ஹார்மோன் எண் நன்றாக ஏறியிருந்தது. 6 வாரத்தில் ஸ்கேன். திரையில் கர்ப்பப்பைக்குள் ஓர் அரிசி மணி, அதன் நடுவில் ஒரு துடிப்பு. இவர் திரையைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அரசாங்கக் கிளினிக்கில் பிங்க் புத்தகம் (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) போடப் போனபோது அங்கேயும் தெரிந்த முகங்கள்தான். இந்த முறை எல்லார் காதிலும் விழும்படியே சொன்னேன்: "மிஸ்ஸி, எனக்குக் குழாய் கட்டித் திரும்ப ஒட்டியிருக்கு. போன வருஷம் குழாயிலே கரு தங்கி ஆபரேஷன் ஆச்சு. அதுக்கு முன்னால ஒரு சிசேரியன், பிரஷர் வேற." பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸி (நர்ஸ்) எழுதிக்கொண்டே, "இப்படிச் சொன்னா எங்க வேலை எவ்வளவு சுலபம்" என்றார். ஆபத்துக்கு ஏற்ப புத்தகத்தில் நிற அடையாளம் ஒட்டுவார்கள், ஆபத்து குறைந்தவர்களுக்குரிய வெள்ளை எனக்குக் கிடைக்கவில்லை. கரு சரியான இடத்தில் தங்கிவிட்ட பிறகு, குழாய் ஒட்டியது பெரிய கவலை இல்லை. என் வயது, பழைய தழும்பு, ரத்த அழுத்தம் இவைதான் கவலை. ஆஸ்பிரின் சின்ன மாத்திரை தந்தார்கள், சர்க்கரை நோய் இருக்கிறதா என்று சீனித்தண்ணி டெஸ்ட் எடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்த்தார்கள்.

2020 மார்ச் 18இல் எம்.சி.ஓ, கொரோனா ஊரடங்கு, வந்தது. ஏப்ரல் கடைசியில் எனக்குச் சிசேரியன் நாள். ஈப்போ சாலையில் ரோட் பிளாக். போலீஸ்காரர் என் வயிற்றைப் பார்த்தார், பிங்க் புத்தகத்தைப் பார்த்தார், கையை ஆட்டி அனுப்பிவிட்டார். இவரை வார்டுக்குள் விடவில்லை. கார் நிறுத்துமிடத்திலேயே இருந்து போனில்தான் மகளைப் பார்த்தார். 2.9 கிலோ.

அந்த ஆபரேஷனுக்கு முன்பும் குழாயைப் பற்றிக் கேட்டார்கள். இந்த முறை எட்டாம் மாதத்திலேயே கேட்டார்கள், நாங்கள் இரண்டு பேரும் மூன்று வாரம் பேசினோம். மிச்சமிருந்த வலது குழாயை எடுத்துவிடச் சொன்னேன். அந்தத் தாளில் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

என்னோடு அதே வாரம் ஒட்டிக்கொண்ட இன்னொரு அக்கா இருக்கிறார். அப்போது அவருக்கு 42. இரண்டு குழாயும் திறந்துதான் இருக்கின்றன, எக்ஸ்ரேயில் அழகாகத் தெரிந்ததாம். கரு ஒருமுறை தங்கி எட்டாவது வாரத்தில் கலைந்தது, அதற்குப் பிறகு இல்லை. வயது ஏற ஏற அப்படிக் கலைவதும் கூடும். குழாய் திறப்பது வேறு, பிள்ளை கையில் வருவது வேறு. அந்த அக்காவைப் பற்றியும் கடைக்கு வந்த அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சொல்லாமல் என் மகளின் படத்தை மட்டும் காட்டியிருந்தால் அது பொய் சொன்னதற்குச் சமம்.

அவளுக்கும் எந்த முறையில் கட்டினார்கள் என்று தெரியவில்லை. கட்டிய வருஷமும் ஆஸ்பத்திரியும் ஞாபகம் இருக்கிறது, அது போதும். ஐ.சி. (அடையாள அட்டை) நகல் எடுத்து வை, பழைய குறிப்பைக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்றேன். தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். வியாழக்கிழமை அவளுக்கு லீவு. அன்று நான் கடை திறக்கப் போவதில்லை. ரவிக்கை வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.